மாப்பிள்ளைக் காருக்கு டயப்பர்

அந்தக் கார் எங்கே போனாலும் ஜனங்கள் மாப்பிள்ளையைத் தேடினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரும் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் அது. திருவேற்காட்டில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் ஒருவர் அதை வாங்கிய நாள் முதல் மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டுமே விட்டுக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர்கள் முன்னே நடப்பார்கள், கார் அவர்கள் வேகத்தில் பின்னே வரும். பந்தயத்துக்கென்று செய்த எஞ்சின், பல வருடங்களாகத் தவிலுக்குப் பின்னால் முதல் கியரிலேயே காலம் தள்ளியது. ஊர்வலம் போன தெருவை மறுநாள் காலையில் பார்த்தால், கோயிலிலிருந்து மண்டபம் வரை எஞ்சின் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கோடு போட்டிருக்கும்.

ஒருநாள் அவர் அந்தக் காரை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். பழைய கார்களுக்கான பந்தயம் ஒன்று நடக்கப்போகிறது, அதில் தானே ஓட்டப்போவதாகச் சொன்னார்.

"மேஸ்திரி, இத்தினி வருசம் எவன் எவனையோ உக்கார வெச்சி இட்டுகினு போயிட்டேன். ஒரே ஒரு தபா நான் எனக்கோசரம் ஓட்டணும். ரெடி பண்ணிக் குடு."

நான் தலையாட்டினேன். எனக்குப் பேச்சு குறைவு. யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் தெருமுனை தாண்டியிருப்பார்கள். பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு எஞ்சின்தான். இந்த மாதிரி இங்கிலாந்து எஞ்சின்கள் பலவற்றைப் பிரித்துக் கோத்திருக்கிறேன். ஆனால் பந்தயத்துக்காக ஒன்றைக்கூடச் செய்ததில்லை. ஆகவே அவரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம் என்று அவருக்குத் தெரியாது. அந்த எஞ்சினை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் முழு வேகத்தில் ஓடவிட்டு, அந்தச் சத்தத்தை ஒரே ஒரு முறை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

பிஸ்டன், வால்வு எல்லாம் மாற்றினேன். அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பேன். இரண்டிலும் ஒரே 'உஸ்' வரும்வரை திருகாணியைத் திருப்புவேன். பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓடுகிறது. அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் என் காது வேலை செய்யும். ஆகவே எங்கள் சந்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிட்டேன்.

நிறுத்திவைத்து ட்யூன் செய்தது போதாது, ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே ஓட்டுவது? பருத்திப்பட்டு ஏரி ரோட்டில் ஒரு விடியற்காலை போனோம். மண்டபக்காரர் ஓட்டினார், நான் பக்கத்தில் காதில் ட்யூபோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கியர் போடுவதற்குள் வேகத்தடை வந்தது. அதைத் தாண்டினால் இன்னொன்று. நடைப்பயிற்சிக்கு வந்த பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"அய்ய, மாப்ளைக்கு வயசு ஜாஸ்தியா கீதேடி."

"பாவம், காதும் கேக்காது போலகீது. மிசின் வெச்சிகினு கீறாரு பாரு."

ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவரை யாரும் மாப்பிள்ளை என்று நினைக்கவில்லை. மாப்பிள்ளை நான்தான். மண்டபக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம், ரோடு காலியாக இருக்கும் என்று வேப்பம்பட்டு வரை போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறப்பதற்குள் காரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு அம்மா என் கையில் அரை முழம் பூ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அன்றைக்கும் எஞ்சின் முழுச் சத்தம் போடவில்லை.

இதற்கிடையில் பந்தயம் நடத்துகிறவர்களின் விதி ஒன்று தெரியவந்தது. பந்தயத்துக்கு முன் ஒரு பரிசோதகர் ஒவ்வொரு காரையும் பார்ப்பார். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, அடியில் வெள்ளை அட்டை போடுவார். ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் கார் வெளியே. டிராக்கில் ஆயில் சிந்தினால் பின்னால் வருகிறவன் சறுக்கிக் கவிழ்வான். நியாயமான விதிதான். ஆனால் இந்த எஞ்சின் பின்பக்கம் கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் கிடையாது. கசியத்தான் செய்யும். கார் செய்தவனுக்கே அது தெரியும். அதனால்தான் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில், கசிந்தது வெளியே போகட்டும் என்று அவனே ஒரு ஓட்டை போட்டு வைத்திருக்கிறான். அந்த ஓட்டையை அடைத்தால் ஆயில் கிளட்ச்சில் ஏறிவிடும். திறந்து வைத்தால் அட்டையில் விழும்.

ஓட்டைக்கு அடியில் பிஸ்கட் டப்பா மூடியை வளைத்துத் தட்டு மாதிரி மாட்டினேன். தட்டில் எதை வைப்பது? ஷெட்டில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் வைத்தேன், நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. ஸ்பான்ஜ் வைத்தேன், குடித்ததையெல்லாம் முதல் குலுக்கலிலேயே துப்பிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டு என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் வீடுகளில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள்.

"பெரியவங்களுக்குப் போடுற டயப்பர் வெச்சிப் பாருங்களேன். பொரட்டிப் போட்டாலும் சிந்தாது."

"நீயே வாங்கிகினு வாயேன்."

"உங்க காருக்கு நீங்க வாங்குங்க. நானா ஓட்டப்போறேன்?"

மெடிக்கல் கடையில் கூட்டம் குறையும்வரை எதிரே பூட்டிய கடை வாசலில் நின்றேன். பிறகு போய்ச் சொன்னேன். கடைக்காரர் நல்ல மனிதர், எங்கள் தெருக்காரர்.

"யாருக்கு அண்ணே? ஊட்ல யாருக்காவது முடியலயா?"

இல்லை என்று தலையாட்டினேன். அங்கேயே கார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கார் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கா?"

தலையாட்டிவிட்டேன்.

தட்டு சின்னது என்பதால் எம் சைஸ் கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். "வோணாம் அண்ணே. எம்மு இறுக்கும், தொடையில புண்ணாயிடும். எல் எட்துக்குங்க." எல் வாங்கிக்கொண்டு வந்து கத்தரிக்கோலால் வெட்டினேன்.

டயப்பர் வேலை செய்தது. நடுவில் இருக்கும் ஜெல் தண்ணீருக்குத்தான் ஆகும், ஆயிலைக் குடிக்காது. ஆனால் பஞ்சு நன்றாகவே குடித்தது. கார் சொட்டுவது நின்றது. தெரு என்மேல் பரிதாபப்படத் தொடங்கியது. ஷேர் ஆட்டோவில் எனக்கு மட்டும் இறங்க வசதியாக ஓரத்து சீட் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா, கட்டுப்படும் என்று சொல்லி மாதுளம் பிஞ்சைக் காயவைத்து இடித்துத் தந்தார். ஆவடி போகும் ஆட்டோக்காரர் ஒருவர், நான் கேட்காமலே கட்டணக் கழிப்பறை வாசலில் நிறுத்தினார்.

"போய்ட்டு வா அண்ணாத்தே. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்கோ."

வண்டியில் இருந்த ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் இறங்கிப் போய்விட்டு வந்தேன்.

"கார்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?" என்றாள் மனைவி.

"இப்ப போயி சொன்னா, மறைக்கிறேன்னு நெனைப்பாங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்றாள்.

பந்தய நாள் வந்தது. மண்டபக்காரர் இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்களை அழைத்து வந்திருந்தார். பரிசோதனைக்கு எல்லாக் கார்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை அட்டை. கார் வைத்திருப்பவர்கள் குனிந்து, குப்புறப் படுத்து, தங்கள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சை முடிவைக்கூட அவ்வளவு அமைதியாக யாரும் பார்த்து நான் கண்டதில்லை. எங்கள் அட்டை சுத்தமாக இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

பரிசோதகர் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். சந்தேகத்தோடு படுத்து டார்ச் அடித்தார்.

"இந்த எஞ்சின் சொட்டாம இருக்காதே. தட்டுல வெள்ளையா என்னது?"

மண்டபக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அது வந்து சார்... உள்ளார போட்டுக்கறது" என்றார் மண்டபக்காரர்.

"யாரு போட்டுக்கறது?"

இனி நான் பேசாவிட்டால் கார் வெளியே போய்விடும். நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவே மாட்டேன். "டயப்பர் சார்" என்றேன். "பெரியவங்களோடது. எல் சைஸு. வெட்டி வெச்சிருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை. எழுந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உறிஞ்சும் பொருள் வைக்கலாம் என்று இருந்தது. எதனால் செய்தது என்று இல்லை. இன்னொரு பரிசோதகரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் படுத்து டார்ச் அடித்தார்கள்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பாக்கெட்ல ராத்திரி முழுக்கன்னு போட்டுகீது சார்."

"ரேஸ் ஆறு ரவுண்டுதான்" என்றார் மற்றவர். "தாராளமா தாங்கும்."

"கம்பி போட்டு இழுத்துக் கட்டுங்க" என்றார் தொப்பிக்காரர் என்னிடம். "இது கழண்டு டிராக்ல விழுந்து, பின்னாடி வர்றவன் கண்ணாடியில ஒட்டிக்கிட்டா, நான் அவனுக்கு என்ன பதில் சொல்றது?"

கட்டினேன். கார் உள்ளே போனது.

கொடி விழுந்தது. மற்ற கார்கள் பாய்ந்தன. எங்கள் கார் நகர்ந்தது. மண்டபக்காரருக்கு அந்த வண்டியில் ஒரே ஒரு ஓட்டம்தான் தெரியும். வலது கை ஸ்டீரிங்கில், இடது கை மார்புக்கு நேரே. இரண்டு வேன் சொந்தக்காரர்களும் விசில் அடித்தார்கள். அவர் அவர்களுக்குத் தலை வணங்கிக்கொண்டு போனார். இரண்டாவது ரவுண்டும் அப்படியே. முன்னால் போன கார்கள் பின்னால் வந்து அவரைத் தாண்டிப் போயின. அவர் அவர்களுக்கும் வணக்கம் வைத்தார். எஞ்சின் ஒரு சுகமான முனகலில் இருந்தது. ஊர்வலங்களில் நான் வருடக்கணக்காகக் கேட்ட அதே முனகல்.

மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதும் இப்படியே போய்விட்டால் அவ்வளவுதான். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தடுப்புச் சுவர் மேல் ஏறி நின்றேன். "மிதிங்க மொதலாளி! மிதிங்க!" என்று கத்தினேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினேன். குதித்தேன். என் குரல் அவ்வளவு மோசமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் மாறியது. குனிந்து காருக்கு அடியில் பார்க்க முயன்றார். பிறகு மிதித்தார்.

மற்றவர்கள் அப்போது பந்தயத்தை முடித்துவிட்டு எஞ்சினை அணைத்திருந்தார்கள். டிராக்கில் அந்த ஒரு கார்தான். தூரத்து நேர்ப்பாதையில் மூன்றாவது கியர், நான்காவது கியர். முனகல் கனத்து, விரிந்து, துணி கிழிவதுபோல் ஒரே நீளமாக வந்தது. இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சாக இழுத்தன. எங்கும் பிசிறில்லை. கடைசி வளைவுக்கு முன்னால் அவர் காலை எடுத்தபோது, புகைக்குழாயில் இரண்டு வெடி. அதுவும் சரியாக இருந்தது.

கார் என் எதிரே வந்து கிறீச்சென்று நின்றது. அவர் குதித்து இறங்கினார்.

"இன்னா ஆச்சி? நெருப்பா?"

"ஒண்ணும் ஆவல மொதலாளி."

"அப்பறம் இன்னாத்துக்குய்யா அப்டி குதிச்சே? அடியில பத்திகிச்சினு நெனச்சி, உசுரக் கையில புட்சிகினு வரேன் நானு!"

நான் இன்னும் சுவர் மேலேதான் நின்றுகொண்டிருந்தேன். ஏறும்போது தெரியவில்லை, இறங்க உயரமாக இருந்தது. தொப்பிக்காரர் வந்து கை கொடுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்காமல், மண்டபக்காரரிடம் கேட்டேன்:

"இன்னொரு ரவுண்டு போறீங்களா?"