நூறிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் சதவீதம். வைத்தது நாத்தனார். "என்ன சதவீதம், சமையல் எத்தனை ஆச்சு?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள். இவளும் விடமாட்டாள். "எண்பது. நீங்க வந்து வெங்காயம் உரிச்சா தொண்ணூறு."

பெயர் வந்த வழி இது. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக அவள் துணி மடிக்கிறாள். வெந்நீரில் வெந்து, சூடான உருளைக்குள் நுழைந்து, பலகைபோல் வெளியே வரும் படுக்கை விரிப்புகளை ஒரே அளவில் மூன்றாக மடிக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு வீடு வந்ததும் அந்தக் கைகள் வேறு வேலையில் இறங்கிவிடும். மூடிப்போன புகைப்படக் கடையிலிருந்து கணவன் சொற்ப விலைக்கு வாங்கிவந்த கம்ப்யூட்டரில் ஒரு கதை விளையாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு படம், அதன் கீழே எழுத்து, நடுநடுவே ஒரு கேள்வி. வாசிக்கிறவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அந்தப் பக்கம் கதை திரும்பும்.

துணி மடிக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அறிவு யாரோ நாலு பேர் வீட்டுப் பரணில் பூட்டி வைத்திருக்கும் பாத்திரம் என்ற நினைப்பில் வரும் கேள்வி அது. அவள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, விளையாட்டுக் கட்டச் சொல்லித்தரும் வேற்றுமொழிக் கையேட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தாள். படங்களையும் அவளே வரைந்தாள். கதைக்குப் பின்னால் கேட்கும் உருளைச் சத்தத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் பிடித்துவந்தாள். இயந்திரத்திடம் 'இது நடந்தால் அங்கே போ' என்று சொன்னால் போகிறது. சொன்னவளின் சாதி என்ன, படிப்பு என்ன என்று அது கேட்பதில்லை. முதல் நாள் தான் சொன்னபடி அது போனதைப் பார்த்து அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றுவிட்டாள்.

கதையின் பாதைகளை மனதில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு, கழித்துப் போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். துணியில் வார்டு எண் எழுதும் அழியாத மையால் அதில் அறுபது கட்டங்கள் வரைந்தாள். ஒரு காட்சிக்கு ஒரு கட்டம். எழுதி, வரைந்து, ஓட்டிப் பார்த்து முடித்த கட்டத்துக்கு நீலம் அடிப்பாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு விரிப்பைப் படம் எடுத்து, இத்தனை சதவீதம், இந்த வாரம் இங்கே முட்டிக்கொண்டு நின்றேன் என்று நாலு வரியோடு இணையத்தில் போடுவாள். மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறு தவறவில்லை. முதலில் படித்தவர்கள் பதினொரு பேர். இப்போது நானூறுக்கு மேல். காவல்காரர், செவிலியர், கப்பலில் சமைக்கிறவர். முகம் தெரியாத ஊர்களில் இவர்கள் ஒரு சலவைக்காரியின் விரிப்பில் எத்தனை கட்டம் நீலமாயிற்று என்று பார்க்கக் காத்திருந்தார்கள்.

நாத்தனாருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "முடியாத வேலைய ஊருக்குச் சொல்லாதே. கண்ணு பட்டுடும்."

"படணும்னுதான் அண்ணி போடுறேன். எண்ணூறு கண்ணு பட்டும் கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது."

கதை கற்பனை இல்லை. ஆறு வருடத்துக்கு முன் சலவைப் பிரிவில் உருளை ஒரு பெண்ணின் வலது கையை இழுத்தது. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பெண் இவள் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள், இவள் அக்கா என்று கூப்பிடுகிறவள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. விசாரணை ஆறு நாள் நடந்தது. ஆறு பேரைக் கேட்டார்கள். 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் பழியை அக்கா தலையில் கட்டினார்கள். தலையெழுத்து என்றார்கள் சிலர். யார் தலையிலும் யாரும் எழுதவில்லை. காகிதத்தில்தான் எழுதினார்கள், முத்திரையும் குத்தினார்கள்.

விளையாட்டில் வாசிக்கிறவர்தான் விசாரணை அதிகாரி. ஒரு நாளைக்கு ஒருவரை அழைத்துக் கேட்கலாம். எல்லோரையும் கேட்டால் உண்மை வெளியே வரும், கை இழந்த தொழிலாளி தலைநிமிர்ந்து போவாள். அந்தக் கடைசிக் கட்டத்துக்காகவே அவள் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தாள்.

அறுபதும் நீலமான ஞாயிறன்று 'நூறு' என்று போட்டாள். வாசகர்களில் நாற்பது பேருக்கு முன்னோட்டமாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்தாள். பதில்கள் வந்தன. நாற்பது பேரும் ஒரே முடிவைத்தான் பார்த்திருந்தார்கள்: கவனக்குறைவு. ஒருவர்கூட அந்தக் கடைசிக் கட்டத்தைத் தொடவில்லை. அதைவிட அவளைத் திகைக்க வைத்தது பாராட்டு. எப்படிப் போனாலும் அந்தத் தொழிலாளிதான் குற்றவாளி, உலகம் அப்படித்தான், எவ்வளவு துணிச்சலாகச் சொல்லிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் புகழ் அவளுடையது. அதே வாரத்தில் வெளியிட்டுவிடலாம். அவள் சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அக்கா இடது கையால் மெதுவாக அழுத்தி அழுத்தி, இரண்டு சாயங்காலம் விளையாடினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, இதுல சாட்சி எத்தனை பேரு?"

"ஏழு."

"நாளு?"

"ஆறு."

"ஆறு நாள்ல ஏழு பேரை எப்படிடி கேக்கறது? அதிகாரி என்ன, ரெட்டைப் பிறவியா?"

அவள் விரிப்பைப் பார்த்தாள். முதலில் ஏழு நாள் என்றுதான் எழுதியிருந்தாள். கதை இழுக்கிறது என்று வாசகர்கள் சொல்ல, நடந்தது போலவே இருக்கட்டும் என்று ஒரு நாளை வெட்டினாள். அந்த வாரக் குறிப்பில் அதைப் பெருமையாகவும் எழுதியிருந்தாள். ஏழு பேரையும் கேட்டால் கடைசிக் கட்டத்தைத் திற என்ற கட்டளையை மாற்ற மறந்துபோனாள். கதவை வரைந்து, அந்தக் காட்சியைத் தனியாக ஓட்டிப் பார்த்து நீலமும் அடித்துவிட்டாள். கதவுக்கு வழியில்லை. இயந்திரம் வஞ்சகம் செய்யவில்லை, இரக்கமும் காட்டவில்லை. அவள் சொன்னதைச் செய்தது. மருத்துவமனை செய்த அநியாயத்தை அவளே தன் கையால் இன்னொரு முறை செய்து, நாற்பது பேரிடம் கைத்தட்டலும் வாங்கியிருந்தாள்.

"ஒரு நாள் கூட்டிப் போடு, முடிஞ்சுது" என்றாள் அக்கா.

முடியவில்லை. நிஜ விசாரணையில் ஏழாவது சாட்சியை யாரும் அழைக்கவில்லை என்பது உண்மை. அவளும் போகவில்லை என்பது அதைவிட உண்மை. ஆறு நாளும் விசாரணை அறைக்கு வெளியே விரிப்பு மடித்துக்கொண்டு நின்ற ஏழாவது ஆள் அவள்தான். கதவைத் தட்டியிருக்கலாம்.

ஞாயிறு பத்து மணிக்குப் படம் போட்டாள். விரிப்பின் ஓரத்தில் ஆறு புதுக் கட்டங்கள், வெள்ளையாக. 'தொண்ணூற்றொன்று. நீங்கள் துணிச்சல் என்றது என் பிழை. உலகம் அப்படி இல்லை. நான் தவறாகக் கட்டியதால் அப்படி ஆயிற்று. திருத்துகிறேன்.'

பின்னோக்கிப் போகிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் நாத்தனார். அன்றைக்கு வெங்காயத்தை அவளே உரித்தாள்.

அந்த ஆறு கட்டங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. சனிக்கிழமை மதியம் அக்கா வந்து உட்கார்ந்தாள். திரையில் ஆறாம் நாள் முடிந்தது. புதிதாக ஒரு கேள்வி வந்தது: அறையைப் பூட்டிவிட்டுப் போகிறீர்களா, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறீர்களா? அக்கா இரண்டாவதை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி, மேசை, திறந்த கதவு. கணினி கெட்டுவிட்டது என்று நினைக்கும் அளவுக்கு நேரம் போயிற்று. அக்கா கையை எடுக்கவில்லை.

பிறகு தட்டும் சத்தம் கேட்டது. இந்த வீட்டு வாசல் கதவில் பிடித்த சத்தம்தான். ஆனாலும் பதிவு செய்தவளே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் அழைக்காமல் ஒருத்தி உள்ளே வந்து பேசினாள். தடுப்புக் கம்பி அடிக்கடி இயந்திரத்தை நிறுத்துகிறது, வேலை தாமதமாகிறது என்று மேற்பார்வையாளர் அதைத் துணியால் கட்டச் சொன்னார். அவரே கட்டினார். கழித்துப் போட்ட விரிப்பிலிருந்து அந்தத் துணியைக் கிழித்துக் கொடுத்தவள் நான்.

சுவரில் விரிப்பு தொங்கியது. அவள் அதன் கீழே நின்றாள், அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல்.

"தெரியும்டி" என்றாள் அக்கா.

"எப்படிக்கா?"

"கம்பியில கட்டியிருந்த துணி மூணா மடிச்சிருந்துச்சு. விளிம்பு ஒரு நூல் பிசகல. உன்னைத் தவிர அப்படி மடிக்கறவ எவ இருக்கா?" அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்பியக் கட்டியிருந்தாங்கன்னு நான் சொன்னதை அவங்க எழுதிக்கல. ஆறு வருஷமா நீ எப்ப வந்து தட்டுவேன்னு பார்த்துக்கிட்டிருக்கேன். நல்லா சுத்தி வந்திருக்கே."

ஆறு வருடம் இந்த மனுஷி கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். மலையைப் பார்த்தாலும் கடலைப் பார்த்தாலும் வராத மலைப்பு அவளுக்கு அப்போது வந்தது.

கதை ஓடி முடிந்தது. தொழிலாளி தலைநிமிர்ந்து வெளியே போனாள். அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, "அவ சேலை கலர் நல்லால்ல" என்றாள். பிறகு, "நாளைக்கு என்ன போடப்போற?"

"நூறுன்னு."

"அது மட்டுமா? மேலதிகாரி படிச்சா?"

"படிக்கட்டும்."

மறுநாள் பத்து மணிக்கு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டார்கள். 'நூறு. ஏழாவது சாட்சி வந்துவிட்டாள். அது கற்பனைப் பாத்திரம் இல்லை, நான்தான். எந்த விசாரணையிலும் இதைச் சொல்லத் தயார்.' கூடவே விளையாட்டையும் எல்லோருக்கும் திறந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. நாத்தனார்கூட வந்து பின்னால் நின்றாள். கப்பல் சமையல்காரரிடமிருந்து முதல் வரி வந்தது: ஆறாம் நாள் முடிந்தது, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். அடுத்து செவிலியர், அதையே. பிறகு பெயர் தெரியாத ஒருவர், இன்னொருவர். எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த அறையிலோ, ஒவ்வொருவராக எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அக்கா இடது கை விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஐந்து ஆனதும் நாத்தனார் தன் கையை நீட்டினாள்.