காப்பியிங் பென்சில் கோடு

என் நாட்குறிப்பில் கொல்லம் ஆண்டு 1127 மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் கீழ் இப்படி இருக்கிறது: “காலை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். பதினொரு மணிக்குக் கரண்டு. கோடுகள் சரியாக உள்ளன.” ஆங்கிலக் கணக்கில் அது 1952. மூன்றாவது வாக்கியம் பொய்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. தோவாளைப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வளாகத்தில் நோயாளிகளின் குடும்பங்கள் சமைத்துத் தங்கும் ஓட்டு அறை ஒன்றில் இருந்தோம். தினமும் சில நிமிடம் அவளை எக்ஸ்ரே இயந்திரத்தின் கீழ் படுக்க வைப்பார்கள். கரண்டு வைப்பது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கதிர் நாள்தோறும் ஒரே இடத்தில் விழுவதற்காக அடிவயிற்றில் ஊதா மையால் கட்டம் வரைந்திருந்தார்கள். அதன்மேல் தண்ணீரோ எண்ணெயோ படக் கூடாது. வாந்தியும் கறுத்த தோலுமாக, குளிக்காமலே அவளுக்கு வாரங்கள் போயின.

அடுத்த அறையில் குலசேகரத்து ரப்பர் வியாபாரியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அதே நோய்தான். ஆனால் அந்த அம்மாளுக்கு ரேடியம். உள்ளே வைத்து, துணி திணித்து, மூன்று நாள் படுக்க வைத்துவிட்டு எடுத்தார்கள். இன்னொரு முறை வைத்தால் வீட்டுக்குப் போகலாம். நான் நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இரண்டு வைத்தியத்தையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். எந்த வரியிலும் எங்கள் பக்கம் மேலாக இல்லை.

“மூணு நாளு ஆடாம அனங்காம கெடந்தா, அவ்வளவுதான் அண்ணாச்சி. இப்பம் மீன்கறி கேக்கா, கேட்டியளா!” என்றார் வியாபாரி. நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டாக்டரிடம் போய், எங்களுக்கும் ரேடியமே வைத்தால் என்ன என்று கேட்டேன்.

“ரேடியம் குத்துவிளக்கு மாதிரி. பக்கத்துலதான் வெளிச்சம். அவங்களுக்கு நோய் வாயோட நிக்குது. உங்க வீட்டுக்காரிக்கு ஓரச் சுவர்வரைக்கும் போயிருக்கு. அங்க எட்டணும்னா வெளியேயிருந்துதான் விடணும். கட்டி சுருங்கட்டும், ரேடியமும் வைப்போம்.”

கிடைத்த புத்தகங்களைப் படித்திருந்ததால் எனக்கு அது புரிந்தது. பொறாமை மட்டும் குறையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, வியாபாரியின் மனைவி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையில் பிச்சிப்பூவுடன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தோவாளைச் சந்தைப் பூ. எங்கள் ஊர்ப் பூ. உடனே உள்ளே போய் எண்ணெயைக் காய்ச்சினேன்.

“நீயும் குளி. தலைக்கு மட்டும்.”

“கோடு அழிஞ்சிரும்லா? அவ குளிச்சா நானும் குளிக்கணுமா? ஒங்களுக்கு என்ன பிராந்தா?”

“துணி சுத்திக்கிட்டுக் குனிஞ்சு ஊத்து. ஒண்ணும் ஆகாது.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தலையில் தண்ணீர் விழும் சுகத்தில் நெடுநேரம் குளித்தாள். வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. எண்ணெயும் சீயக்காயும் வழிந்து இடப்பக்கத்துக் கோடு போயிருந்தது.

“டாக்டர்கிட்ட சொல்லிருவோமா?” என்றாள்.

குளிக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்பார். சொல்ல வேண்டாம் என்றேன். கட்டம் வரைந்த நாளிலேயே அளந்து நோட்டில் குறித்திருந்தேன்: “தொப்புளிலிருந்து இடப்புறம் எட்டு விரல்.” என் விரல்களை வைத்து அளந்தேன். ஈரம் பட்டால் மையாகும் காப்பியிங் பென்சிலை நாக்கில் நனைத்து வரைந்தேன். அதே ஊதா.

“வளையுது, நேரா போடுங்க. ஆதாரம் எழுதுகதுக்கு இவ்வளவு நேரமா?” என்று அந்த நிலையிலும் என் பத்திர எழுத்துத் தொழிலைக் கேலி செய்தாள்.

இயந்திரம் இயக்குபவர் கோட்டைப் பார்த்தார், அதற்கு நேராகக் கதிரை வைத்தார். மீதி நாட்களெல்லாம் கதிர் என் கோட்டுக்குள்தான் விழுந்தது.

பிறகு அவளுக்கும் ரேடியம் வைத்தார்கள். வீடு திரும்பினோம். மூன்று வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். அதன்பின் நோய் இடப்பக்கத்தில் திரும்பியது. 1956இல், எங்கள் தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்வதற்குச் சில மாதம் முன்பு இறந்துபோனாள். அந்த வருஷக் கடைசியில் தோவாளையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வியாபாரியையும் அவர் மனைவியையும் பார்த்தேன். பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்காதவன்போல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கட்டம் வரைந்த முதல் நாள், அளந்தது நானா, அல்லது அவள் தன் விரலை வைத்து எண்ணிச் சொல்ல நான் எழுதிக்கொண்டேனா என்பது நினைவில்லை. அவள் விரல்கள் என்னுடையதைவிட மெல்லியவை; எண்ணியது அவளென்றால் என் கோடு வெளியே தள்ளிப்போய், கதிரும் இடம் மாறி விழுந்திருக்கும். நோட்டில் “எட்டு விரல்” என்று மட்டும் இருக்கிறது. யாருடைய விரல் என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.