ஒதுக்குப்புறமாகப் போட்ட கூடாரம்

எங்கள் சமையல் மணம் தாங்க ஏலாமல் இருக்கிறதென்று லண்டன் மோர்டனில் பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து யன்னலைச் சாத்திவிட்டுத்தான் சமைப்பேன்.

போன கோடையில் லண்டன் எல்லையில் ஒரு ஏரிக்கரைக்குக் கூடாரத்தோடு போனோம். அங்கே வந்திருந்த மற்ற எல்லாரும் மேட்டில் வரிசையாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் கீழே, நாணல் பக்கத்து ஒதுக்குப்புறத்தைக் காட்டினேன்.

"தண்ணிக்குக் கிட்ட. பிள்ளையை வைச்சுக்கொண்டு சரிவராது," என்றார் கணவர்.

"மீன் பொரிச்சால் ஒருத்தருக்கும் மணக்காதப்பா. இங்கயே போடுங்கோ."

போட்டுவிட்டு அவர் தண்ணீர் பிடிக்க மேலே போனார். நான் தாச்சியில் மீனைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தேன். மூன்று வயது மகளைக் காணவில்லை. கூடாரத்துக்குள் இல்லை, காருக்குள் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். மேட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரத்தைத் தேடிப் பிடித்தவள் நான்தான்.

நாணலுக்குள் இறங்கினேன். சேறு காலை இழுத்தது.

அப்போது நாணலை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். அவள் தோளில் என் மகள் இருமிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையை வாங்கி இறுக்கிப் பிடித்தபடி, இந்தப் பக்கம் எப்படி வந்தாய் என்று கேட்டேன்.

அவள் தாச்சியைப் பார்த்தாள். மணம் பிடித்து, என்ன பொரிக்கிறீர்கள் என்று கேட்கத்தான் மேட்டிலிருந்து இறங்கி வந்தாளாம்; வழியில் பிள்ளையைத் தண்ணீருக்குள் கண்டாளாம்.

மீன் கருகிப் போயிருந்தது. கூடாரத்தைப் பிடுங்கி மேட்டில் மற்றவர்களுக்கு நடுவில் போட்டோம்.

இப்போது மோர்டனில் மீன் பொரிக்கும்போது யன்னலைத் திறந்து வைக்கிறேன்.