அத்தைக்கு அளந்து விட்ட ஆறடி

அத்தையைப் போல ஆற்றங்கரையைக் கூட்டுகிற ஆள் இந்தப் பூமியில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறக்கப் போகிறவர்களும் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறப்பதுதான் மரியாதை. அவள் துடைப்பத்தோடு வருவது தெரிந்தால் மரங்கள் விழ இருந்த இலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆறு சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஓரமாகப் போகும். சூரியன் எழுந்திருப்பதே அத்தை கூட்டி முடித்தாயிற்றா என்று எட்டிப் பார்க்கத்தான்.

மற்றவர்கள் இதை நகராட்சித் துப்புரவு வேலை என்பார்கள். பழைய ரயில் பாலத்தில் தொடங்கி நீரேற்று நிலையம் வரை, ஆற்றை ஒட்டியே போகிற ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் பாதை. கெட்டி மண் தரை, ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே தண்ணீர். மோட்டார் வைத்த எதுவும் உள்ளே வரக்கூடாது. பன்னிரண்டு வருடமாக அத்தை தன் மூன்று சக்கர மிதிவண்டியில் குப்பைத் தொட்டியை முன்னால் வைத்துக்கொண்டு அதைக் கூட்டி வருகிறாள். வழியில் ஒரு ஆணி கிடந்தால் போதும், போட்டவனின் ஏழு தலைமுறையையும் எழுப்பி வைத்துத் திட்டுவாள்.

ஆக, அத்தைக்குக் கோபம் புதிதல்ல. பல் தேய்ப்பது மாதிரி அது அன்றாடம். ஆனால் இந்தக் கோபம் வேறு ரகம்.

பாதையின் வாயிலில் கார் நுழையாதபடி நட்டிருந்த இரும்புக் கம்பங்கள் துருப்பிடித்து ஆட்டம் கண்டன. போன மாதம் அவற்றைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இரண்டு நட்டார்கள். கான்கிரீட் போட்டார்கள், மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள், படம்கூட எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் ஆகவில்லை, சின்ன கார் ஒன்று இரண்டு கம்பத்துக்கும் நடுவே நெளிந்து உள்ளே வந்துவிட்டது. மறுநாள் நாலு. மெயின் ரோட்டு நெரிசலில் இருபது நிமிடம் மிச்சம் என்று தெரிந்தபிறகு வாலைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தன. ஹாரன் வேறு. ஆற்றுக்குப் பக்கத்தில், மரத்தடியில், ஹாரன்.

அந்தப் பாதையை நம்பித்தான் அத்தையின் தம்பி வேலைக்குப் போய்வந்தார். எனக்கு அவர் அப்பா. ஆனால் கதை அத்தையுடையது, ஆகவே தம்பி. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இரண்டு காலும் வராது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிளில், கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் அரைக்கப் போவார். மெயின் ரோட்டில் அவர் தலை பஸ் சக்கரத்தின் உயரத்துக்குத்தான் இருக்கும், எந்த டிரைவருக்கும் கண்ணில் படாது. ஆற்றங்கரையில் அந்தத் தொல்லை இல்லை. சீட்டியடித்துக்கொண்டு தனியாகப் போவார், தனியாக வருவார். உதவி செய்கிறேன் என்று யாராவது பின்னாலிருந்து தள்ளினால், அவர் திட்டுகிற திட்டிலேயே அத்தையின் தம்பிதான் என்பது தெரிந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னால் வந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. ஒதுங்கினார். இடது சக்கரம் விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்கிவிட்டது. கார்க்காரன் நிற்கவில்லை. சாய்ந்த சைக்கிளில், ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு, கால் மணி நேரம் கீழே தண்ணீரைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். நடக்க வந்த இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் இனிமேல் வேலைக்குப் போகப் போவதில்லை என்று மட்டும் சொன்னார். கடை முதலாளி, திங்கட்கிழமை வரை பார்ப்பதாகவும் அதற்குமேல் வேறு ஆள் போட்டுவிடுவதாகவும் ஃபோனில் சொன்னார். தம்பி சரி என்றார். அந்தச் சரியைக் கேட்டதும்தான் அத்தை செருப்பை மாட்டினாள்.

நகராட்சி அலுவலகத்தில் மேற்பார்வையாளர் அவளை உட்காரச் சொல்லவில்லை. கோப்பைப் புரட்டிக் காட்டினார்.

"உங்க வண்டி போகணும்னுதாம்மா அவ்ளோ இடம் விட்டோம். நானே டேப் வச்சு அளந்தேன். ஆறடி."

"என் வண்டி மூணடி சார். அதுல உங்கள ஏத்திக்கிட்டாக்கூட நாலடிதான்."

டேப் பொய் சொல்லாது என்றார் அவர். வேண்டுமானால் மனு கொடுங்கள், நாற்பத்தைந்து நாளில் பதில் வரும் என்றார்.

அத்தை ஷெட்டுக்கு வந்தாள். அலுவலகத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சுவரிடம் சொல்லிக்கொண்டே வண்டியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டியின் மேல் குறுக்காகக் கிடந்தது, இலை வாருகிற நீளக் கோல். நிமிர்த்தி வைத்தால் கிளையில் மாட்டும் என்று அதை எப்போதும் குறுக்கேதான் போடுவாள். எதிரே சைக்கிள் வந்தால் கையால் திருப்பிக்கொள்வாள். கம்பம் நட அளவெடுக்க வந்த அன்றைக்கு, அவள் குழாயில் கைகழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனிதர் அளந்தது வண்டியை அல்ல. கோலின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை.

கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது. மீதிப் பாதியே ஒரு அலுவலகத்துக்குத் தாராளமாகப் போதும்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி, கார்கள் மொய்க்கிற நேரம். அத்தை வண்டியை இரண்டு கம்பத்துக்கும் நடுவே நிறுத்தினாள். கோலைக் குறுக்கே போட்டாள். இரண்டு நுனியும் இரண்டு கம்பத்தைத் தொட்டன, தைத்து வைத்தது மாதிரி. பிறகு நின்ற இடத்தையே கூட்ட ஆரம்பித்தாள்.

முதல் கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். "வண்டிய எடுங்கம்மா, ஆபீசுக்கு நேரமாச்சு."

"எடுக்க முடியாதுப்பா. இது எனக்குன்னு அளந்து விட்ட இடம். கோப்புல இருக்கு, போய்ப் பாத்துட்டு வா."

சைக்கிள் வந்தால் மட்டும் கோலின் ஒரு நுனியைத் தூக்கி வழி விட்டாள், சுங்கச்சாவடி மாதிரி. ஒருவர் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார். இன்னொருவர் வீடியோ எடுத்துப் போடுவேன் என்று மிரட்டினார். வெளிச்சம் இந்தப் பக்கம் நன்றாக இருக்கும் என்று அத்தை இடம் காட்டினாள். பத்து மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார், வேர்த்துக்கொண்டு. அத்தை அவரிடம் வண்டியை அளக்கச் சொன்னாள். ஆறடி. கோலை எடுத்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னாள். மூன்றடி ஒரு அங்குலம்.

அவர் டேப்பைச் சுருட்டினார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே நீங்க."

"நீங்க கேட்டிருக்கலாமே சார். பத்தடி தள்ளிக் குழாயடியிலதான நின்னேன்?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது. அவள் குரல் இறங்கினால்தான் ஆபத்து. "என் தம்பி புல்லப் புடிச்சிக்கிட்டுத் தொங்கினான் சார். அந்தப் புல்லு வேரோட வந்திருந்தா, அத எந்தக் கோப்புல எழுதியிருப்பீங்க?"

அவர் டேப்பைப் பைக்குள் போட்டார். புதுக் கோப்பு போடவேண்டும் என்று மட்டும் சொன்னார். போடுங்கள், அதுவரை இங்கேயே கூட்டுகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமையும் கூட்டினாள். அவ்வளவு சுத்தமான ஆறடி உலகத்தில் வேறெங்கும் இல்லை.

சனிக்கிழமை மூன்றாவது கம்பம் வந்தது. சரி பாதியில் நடப் போனவர்களைத் தடுத்து, தன் வண்டியும் தம்பியின் சைக்கிளும் நுழைய இந்தப் பக்கம் மூன்றரை அடி வரும்படி அத்தையே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தாள். கான்கிரீட் இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை தம்பி கிளம்பினார். சீட்டி அடிக்கவில்லை. கம்பத்துக்கு நடுவே இன்னமும் மோட்டார் சைக்கிள்கள் நுழைகின்றன. அத்தை இன்னமும் திட்டுகிறாள். வீட்டில் வேறு யாரும் இதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தை சமையலறை வாசலில் என்னை மறித்தாள். கூட்டி முடித்த மண்ணில் தடம் நன்றாக விழும் என்று, கேட்காமலே ஆரம்பித்தாள்.

"என் தம்பியோட மூணு சக்கரத் தடம் போகுது, சரி. அதுக்குப் பின்னாலயே ஒரு சைக்கிள் நாலு நாளா போகுதே. அவன் நின்ன இடத்துல அதுவும் நிக்குது. யாருது அது?"

எவனாவது வேலையில்லாதவனாக இருக்கும் என்றேன்.

"ஆமா, வேலையில்லாத கழுதைதான். நீரேற்று நிலையம் வரைக்கும் போயிருக்கு." சுவரோரம் சாய்த்திருந்த என் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டிவிட்டாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ. உங்கப்பன் திரும்பிப் பாத்துடப் போறான்."