வரிமீன்களுக்குப் பத்து மணி நேர இருட்டு

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சாமுண்டீஸ்வரிக்கு மீன் பார்த்துக்கொள்ளும் வேலை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, நீலக் கோடு போட்ட வரிமீன்கள். அவற்றின் முட்டை கண்ணாடி போன்றது. ஒரு கரு வளர்ந்து மீனாவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டு நடுவே தடுப்பு வைப்பாள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுப்பாள். அரை மணியில் முட்டைகள் அடியில் கிடக்கும். ஆறு வருடத்தில் தவறியதே இல்லை.

இந்த ஆயுத பூஜைக்குப் பிறகு நான்கு நாளாக ஒரு முட்டைகூட இல்லை.

"அக்கா, இதுங்க கிழடாயிடுச்சு. எல்லாத்தையும் கழிச்சிட்டு வெளியிலருந்து புதுசா வாங்கச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க" என்றாள் ஆராய்ச்சி மாணவி லாவண்யா.

"இன்னாம்மா பேசறே? எட்டு மாசங்கூட ஆவல. முட்டையிலருந்து நான் வளத்ததுங்க. கிழடாம், கிழடு! ஒரு நாள் குடு."

"ஒரே நாள்தான்."

தண்ணீரின் சூடு, உப்பு, தீனி எல்லாம் சரியாக இருந்தன. நிமிர்ந்தபோதுதான் தொட்டி அடுக்கைச் சுற்றி மின்னிய சீரியல் செட் கண்ணில் பட்டது. கட்டியவள் அவளேதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம்: பூஜை போட்ட இயந்திரத்தைச் சுற்றிய விளக்கை வாரம் முழுக்க அணைக்க மாட்டார்கள். மீனுக்கோ தினமும் பத்து மணி நேரம் முழு இருட்டு வேண்டும். இருட்டு முடிந்து வெளிச்சம் வந்தால்தான் முட்டையிடும். நான்கு நாளாக அவற்றுக்கு இரவே வரவில்லை.

சத்தமில்லாமல் கழற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சாமுண்டீஸ்வரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு லாவண்யாவைக் கூப்பிட்டாள்.

"தப்பு என்னுதும்மா. மீன் மேல பழி போடாதே."

லாவண்யா விளக்குச் சரத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். "ஐயோ, நான் இத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்லகூட வெச்சேனேக்கா!"

மறுநாள் காலை தடுப்பை எடுத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். முதல் தொட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதின் அடியில் ரவை சிந்தியதுபோல் முட்டைகள். பிறகு ஐந்தில், ஆறில், ஒன்பதில். நுண்ணோக்கியின் கீழே ஒற்றைச் செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.

மீன்களைக் கழிக்கும் பேச்சு அத்துடன் நின்றது. லாவண்யா பதிவேட்டைத் திறந்தாள். "நாலு நாள் முட்டை இல்லாததுக்குக் காரணம்னு என்னக்கா எழுதட்டும்?"

சொந்தத் தவற்றைச் சொல்லும்போது எல்லோர் குரலும் சற்று இறங்கும். சாமுண்டீஸ்வரியின் குரல் இறங்கவில்லை.

"சாமுண்டீஸ்வரி லைட்டு கட்டுனான்னு எழுது. கண்டுபுடிச்சதும் அவதான்னு எழுது. ரெண்டுல ஒண்ண உட்டே, அவ்ளோதான் சொல்லிட்டேன்."