படத்துக்கு மட்டும் வந்த நைனா

பூவிழி செய்கிற வேலை என்னவென்று லைட்ஹவுஸ் குப்பத்தில் யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அவள் மாமியார் திரௌபதி அதற்கு வைத்த பெயர் ‘டப்பா தட்டுறது’. லேப்டாப் அவருக்கு டப்பா. எனக்கே விளங்குவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது, இத்தனைக்கும் பழவேற்காடு கடைத்தெருவில் ஸ்டுடியோவும் ஜெராக்ஸும் வைத்திருப்பவள் நான். என் பெயர் மலீஹா. பூவிழியின் படங்களெல்லாம் என் கடையில்தான் பிரிண்ட் ஆகின்றன, அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் சில பெண்கள் தங்கள் பிள்ளைகளின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரிலேயே பக்கம் பக்கமாக ஜோடித்து ஆல்பம் செய்துகொள்கிறார்கள். அதற்கு வேண்டிய பின்னணித் தாள், சட்டம், ரிப்பன், பொத்தான், பூ, நூல் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்து இணையத்தில் விற்கிறவள் பூவிழி. அந்தத் தொகுப்புக்கு ‘கிட்’ என்று பெயர். போட்டோ வைக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கும். வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டு ஆட்களை அதில் உட்கார வைத்துக்கொள்வார்கள். கரையில் கிடக்கும் சிப்பி, ஃபைபர் போட்டில் உரிந்துபோன பெயின்ட், தூக்கிப் போட்ட கிழிசல் வலை, எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து, சுற்றியிருப்பதை நறுக்கி எடுத்துவிட்டு, கிட்டில் சேர்த்துவிடுவாள். நம்மூர்க் கிழிசல் வலையைத் தன் பேரன் படத்துக்கு ஓரமாக வைத்து அழகு பார்க்கிற அம்மாள் எந்த ஊரில் இருக்கிறாரோ. படத்தில் மீன் வாடை வராதது எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று.

உள்ளூர் வேலை வேறு மாதிரி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எது நடந்தாலும் குடும்பப் படத்தில் ஆள் குறையக் கூடாது. குவைத்தில் இருக்கிற மகனைச் சேர்க்க வேண்டும், போய்ச் சேர்ந்த மாமனாரையும் சேர்க்க வேண்டும். பூவிழி சேர்த்துவிடுவாள். உயிரோடு இருப்பவரைச் சும்மா நிறுத்துவாள். செத்தவர் என்றால் மாலை போடுவாள். மாலையை வைத்துத்தான் படம் பார்க்கிறவர்கள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்துகொள்வார்கள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் படத்துக்கு மாலை போடுகிற வழக்கம் இல்லை, இருந்தாலும் எங்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

ஒரு முறை தோணிரேவுக் குடும்பம் ஒன்றுக்கு, வெளிநாட்டுக் கிட்டுக்காகச் செய்திருந்த பூச்சட்டத்தை எடுத்துப் போட்டுவிட்டாள். அதில் ஒரு சரம் இறங்கி, துபாயில் வேலை பார்க்கிற மனிதரின் கழுத்தோரம் விழுந்திருந்தது. அவர் பெண்டாட்டி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து, “உயிரோட கீற மனுசனுக்கு மாலை போட்டியேடி பாவி” என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்தினாள். பூவிழி அவள் காலில் விழாத குறைதான். அன்றிலிருந்து உள்ளூர்ப் படங்களில் உயிரோடு இருப்பவர் பக்கமே பூவைக் கொண்டுபோக மாட்டாள்.

அவளுடைய சொந்த வீட்டில்தான் அந்தக் கணக்கு இடித்தது.

அவள் புருஷன் பூபதி கடலுக்குப் போகிறவன். வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மூன்று பேர் போன போட் முகத்துவாரத்தில் கவிழ்ந்துவிட்டது. ஒருவன் நீந்திக் கரையேறினான். இன்னொருவனின் உடல் வடக்கே ஒதுங்கியது. பூபதி மட்டும் அப்படியும் வரவில்லை, இப்படியும் வரவில்லை. அவன் மகள் கங்கா அப்போது தவழ்கிற குழந்தை.

உடல் கிடைக்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்றார் திரௌபதி. “காத்துல இஸ்துகினு போயி பர்மாவுல கரையேறினவங்கல்லாம் கீறாங்க. எம்புள்ள வருவான்” என்பதே அவர் பேச்சு. காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பியவர்கள் இந்தக் கரையில் உண்டுதான், அதனால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. பூவிழிக்குத் தாலியும் அப்படியே, பொட்டும் அப்படியே. சுமங்கலியும் இல்லை, தாலியறுத்தவளும் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரியை இப்படி நடுவாந்திரத்தில் நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு எரிச்சலாக வரும். அவளோ வாயைத் திறக்க மாட்டாள்.

கங்காவின் முதல் பிறந்தநாளுக்குப் படம் எடுத்தபோது திரௌபதி கேட்டார், “பூபதி எங்க? அவன் இல்லாத படம் எழவு வூட்டுப் படம். ஊரான் வூட்டு ஆளெல்லாம் சேக்குற, எம்புள்ளைய சேக்க மாட்டியா?”

பூவிழி கல்யாண ஆல்பத்திலிருந்து அவனை நறுக்கி எடுத்து, குழந்தைக்குப் பின்னால் நிறுத்தினாள். மாலை இல்லாமல்தான்.

அப்புறம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் பூபதி வந்தான். அவனுடைய போட்டோக்கள் கொஞ்சம்தான் இருந்தன. அதனால் சட்டையின் நிறத்தை மாற்றுவாள், முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவாள், வெயில் எங்கிருந்து விழுகிறதோ அதற்குத் தகுந்த நிழலையும் தரையில் போடுவாள். வருஷம் போகப் போக, கிருதாவில் இரண்டு நரைமுடி வைத்தாள். ஒரு பொங்கல் படத்தைப் பார்த்துவிட்டுத் திரௌபதி, “இன்னாடி, புள்ள எளைச்சிட்டான்?” என்று கேட்டாராம். பூவிழி அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பெரியவர்கள் இரண்டு பேரும் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொண்டால் நமக்கென்ன? ஆனால் அந்த வீட்டில் கங்கா வளர்ந்துகொண்டிருந்தாள். சுவர் முழுக்க அவள் நைனா. அவளைத் தூக்கி வைத்திருக்கிற நைனா, அவளோடு கேக் வெட்டுகிற நைனா. அவர் கடலுக்குப் போயிருக்கிறார், வந்து வந்து போகிறார் என்று பாட்டி சொல்லிக் கொடுத்தார். நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது என்று அம்மாவும் தலையாட்டினாள். பிள்ளைக்கு உண்மையைச் சொல்வதா, எப்போது சொல்வது, இதுதான் பூவிழியின் தலைமேல் தொங்கிய கத்தி.

“ஒண்ணாங்கிளாஸ் சேத்த பின்னாடி சொல்லிடுறேன்க்கா” என்றாள். சேர்த்தும் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள், அதை எந்த லேப்டாப்பாலும் மாற்ற முடியாது. பூவிழியின் தம்பி சின்னதம்பி மடியில் வைத்துக்கொள்ள, கங்கா வீறிட்டு அழுதாள். பூவிழி அந்தப் படத்தில் பூபதியைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவன் கை மகளின் தலைமேல் இருப்பதுபோலச் செய்தாள். அந்தக் கை, வேறொரு போட்டோவில் போட்டின் விளிம்பைப் பிடித்திருந்த கை.

“பாரு, நைனா தலையத் தடவுறாரு” என்று பாட்டி காட்டினார்.

கங்கா ரொம்ப நேரம் பார்த்தாளாம். “எனக்குத் தெரியவே இல்லியே ஆயா” என்றாளாம்.

“நீதான் கண்ண மூடிகினு அழுதுகினு இருந்தியே, எப்டித் தெரியும்?”

அந்தப் பிள்ளை அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டது. அழுததால் நைனாவைப் பார்க்காமல் விட்டுவிட்டோம், அடுத்த முறை கண்ணை மூடக் கூடாது.

அடுத்த விசேஷம் சின்னதம்பியின் கல்யாணம். திருப்பாலைவனத்தில் மண்டபம். போட்டோ எடுக்கப் போனது நான். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு கங்கா காலையிலிருந்து மண்டபத்து வாசலிலேயே நின்றாள். பந்திக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை. பொன்னேரி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள்.

“உள்ள வாடி கங்கா, வெயில்ல நிக்காத” என்றேன்.

“நைனா வருவாரு அத்தை. நான் இன்னிக்கு அழமாட்டேன், பாக்கப் போறேன்.”

பூவிழி என் பின்னால்தான் நின்றிருந்தாள். அவளை மணமகள் அறைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பிடிபிடியென்று பிடித்தேன். “இன்னிக்கே சொல்லித் தொலைடி. அந்தப் புள்ள பஸ்ஸு பஸ்ஸா பாத்துகினு நிக்குது, உனக்கு வயிறு எரியலையா?”

“எரியாம இன்னாக்கா? நான் வாயத் தொறந்தா அத்தை கடல்ல எறங்கிடுவேன்னு சொல்லிகினு கீறாங்க. எறங்கவும் செய்வாங்க. ஒருத்தர் போனதே போதும்க்கா.”

ஆனால் அவள் அப்புறம் செய்தது இருக்கிறதே, அதற்காக எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்தக் கல்யாணப் படத்திலும் பூபதியைச் சேர்த்துக் கொண்டுவந்தாள். பட்டு வேட்டி, சந்தனச் சட்டை, மகளின் தோளில் கை. “இதான் கடைசிக்கா” என்றாள். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். திரௌபதி அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

கல்யாண ஆல்பத்தைக் கொடுக்க நான் குப்பத்துக்குப் போனது இரண்டு நாள் கழித்து, மத்தியான நேரத்தில். வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கங்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் கழன்று கிடந்தது. வலை வெட்டுகிற கத்தரிக்கோலால் நைனாவை வெட்டி எடுத்திருந்தாள். கோணல் மாணல் இல்லாமல், காது, தோள், விரல் எல்லாம் வளைவு பிசகாமல், அம்மா செய்கிற மாதிரியே வெட்டியிருந்தாள். அவள் தோள்மேல் இருந்த கையைக்கூட விடவில்லை.

“இன்னாடி பண்ண?” என்று திரௌபதி அலறினார்.

“மண்டபத்து வாசலாண்டயே நின்னுகினு இருந்தேன். சாப்புடக்கூட போவல. என்னை பாக்கவே இல்ல. என்னாண்ட பேசவும் இல்ல. படத்துக்கு மட்டும் வராரு. இந்த நைனா எனக்கு வாணாம்.”

திரௌபதி ஓங்கி ஓர் அறை விட்டார். இன்னொன்று விழுவதற்குள் பூவிழி ஓடிவந்து பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. “அவரு வரல கங்கா. எப்பவும் வரல. உங்க நைனா செத்துட்டாரு.”

கங்கா அழவில்லை. கையில் இருந்த வெட்டுத்தாளைப் பார்த்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

“நான் வெட்டுனதாலயாம்மா?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. நமக்கு அவன் செத்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு அவன் போன வாரம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாமா கல்யாணத்துக்கு வந்தவன்.

“இல்லடி கண்ணு, நீ பாப்பாவா இருந்தப்பவே கடல்ல போயிட்டாரு” என்றாள் பூவிழி.

“காதுகுத்துக்கு வந்தாரே. தலையத் தடவினாரே.”

பூவிழி லேப்டாப்பைத் திறந்தாள். அவள் படங்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காகத்தான் இருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம். அந்தக் கண்ணை அமுக்கினால் அந்த அடுக்கு மறைந்துவிடும். காதுகுத்துப் படத்தில் அமுக்கினாள். தலைமேல் இருந்த கை போயிற்று. இன்னொரு முறை அமுக்கினாள். தரையில் இருந்த நிழல் போயிற்று. அப்புறம் பூபதி போனான். மாமன் மடியில் கங்கா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். பொங்கல் படத்தைத் திறந்து அமுக்கினாள். முதல் பிறந்தநாள் படம். கல்யாணப் படம். ஒவ்வொன்றிலும் அவன் போனான்.

“நாந்தான் வெச்சேன் கங்கா. எல்லாம் அம்மாதான் வெச்சேன்” என்று சொல்லிக்கொண்டே அமுக்கினாள்.

திரௌபதி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஒவ்வொரு படமாக இல்லாமல் போவதை, கடைசிப் படம் வரைக்கும் பார்த்தார். பிறகு சரிந்து உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த ஒப்பாரி. பெற்றவள் வயிற்றிலிருந்து வந்தது அது. பூவிழியும் அவரைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதாள்.

எழவுச் சத்தம் கேட்டால் குப்பம் சும்மா இருக்காது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். முதலில் நுழைந்தது பக்கத்து வீட்டுப் பவுனம்மாள்.

“இன்னா ஆச்சி? யாரு போயிட்டது?”

நான் சொல்வதற்குள் கங்கா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் சொல்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

“எங்க நைனா. நான்தான் வெட்டிட்டேன்.”