வெள்ளிக்கிழமை எண்ணெய்

யுத்தத்துக்கு முந்தின வருஷம். குற்றாலத்தில் குடியிருந்த வல்லிநாயகமும் அவர் மனைவி இராமலட்சுமியும் காலையில் தென்காசிக்கு பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். அவருக்குத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை. அவளுக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. இந்த லட்சணத்தில் ஒரு பெட்டை நாய்க்குட்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டார்கள். பகலில் அதைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு மாரித்தாய்.

மாரித்தாய்க்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிறந்த ஒரே பெண்ணும் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்கப்புறம் அவளைத் தேடி அழ ஒரு ஜீவன் கிடையாது. இந்தக் குட்டி அழுதது. அவள் தண்ணீருக்குப் போனால் வாசலில் நின்று ஊரைக் கூட்டியது. அரைக்குடத்தோடு ஓடி வருவாள், பாவம்.

சீசன் கூட்டம் வருமுன் பஞ்சாயத்தில் தடிக்காரர்களை விட்டுத் தெருநாய்களை அடித்துக் கொன்றுவிடுவது வழக்கம். பெல்ட் கட்டிய நாயைத் தொடமாட்டார்கள். வல்லிநாயகமும் ஒரு தோல் பெல்ட் வாங்கிக் கட்டியிருந்தார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெண்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்காமல் விடலாமா? மாரித்தாய் வெந்நீரை அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் பட்டால் தோல் கெட்டுவிடும் என்று பெல்ட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். தலையிலிருந்து வால்வரை நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்தாள். அப்போது தெருவில் ஏதோ நாய் அலறியது. குட்டி மிரண்டு துள்ளியது. இரண்டு கையாலும் பிடித்தாள், வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

தெருமுனையில் தடிக்காரன் அதைக் கயிற்றில் மடக்கியிருந்தான்.

"எய்யா, விட்டுரு! எங்க குட்டிய்யா அது!"

"பெல்ட்டு எங்கம்மா?"

"வீட்டுல ஆணியில மாட்டிருக்கேன். இந்தா எடுத்துட்டு வந்துருதேன்."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுதாவ."

அவள் ஓடினாள். குட்டியைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? பெல்ட்டோடு மூச்சிரைக்க வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தெருவில் உட்கார்ந்து, செத்த குட்டியின் கழுத்தில் அதைக் கட்டினாள். எண்ணெய்க் கையில் வார் பிடிபடவே இல்லை.

சாயங்காலம் இராமலட்சுமி வந்து பார்த்து அழுதாள்.

"பெல்ட்டை ஏன்க்கா கழட்டுனீங்க?"

மாரித்தாய் தலை நிமிரவில்லை.

"எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுனா பிள்ளை நல்லா உறங்கும்லா, டீச்சரம்மா. எம்மவளுக்குத்தான் அதுக்குக் குடுத்துவைக்கல."